ஒலியின் வேகத்தை அளக்க எதை எடுப்பது: காற்றா, நீரா, கம்பியா?

காற்றில் வினாடிக்கு 343 மீட்டர், நீரில் 1,482 மீட்டர், எஃகுக் கம்பியில் சுமார் 5,050 மீட்டர். 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் இவ்வளவு என்று பாடத்தில் படித்துவிடுகிறோம். இவற்றில் ஒன்றை நாமே அளந்து பார்க்கலாம் என்று ஆய்வக வகுப்பிலோ அறிவியல் கண்காட்சியிலோ பேச்சு வந்தால் முதலில் கை வைப்பது காற்றில்தான். மெதுவாகப் போவதைப் பிடிப்பது எளிது என்ற எண்ணம். அதைவிட்டால் நீர், ஒரு தொட்டி இருந்தால் முடிந்தது என்று தோன்றும். கம்பியை யாரும் கேட்பதே இல்லை, அவ்வளவு வேகமாக ஓடுவதை எந்தக் கடிகாரம் பிடிக்கும் என்று விட்டுவிடுவார்கள்.

செய்து பார்த்தால் வரிசையே மாறிவிடும். மூன்றிலும் வேகமான கம்பிதான் மிகக் குறைந்த பொருளில், மிகத் துல்லியமாக விடை தரும். காற்று நடுவில். நீர்தான் ஆளைக் கவிழ்க்கும். ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொண்டால் எதைத் தேர்வது என்பதும் தானாகவே தெளிவாகும்.

ஒலி வேகத்தை அளக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒலி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் நேரத்தை அளப்பது ஒன்று. ஒலியை ஓர் அடைப்புக்குள் முன்னும் பின்னும் ஓடவிட்டு, நிலை அலை உண்டாக்கி, அதன் அலைநீளத்தையும் அதிர்வெண்ணையும் பார்ப்பது மற்றது. முதல் வழிக்கு நீண்ட தூரமோ நுண்ணிய கடிகாரமோ வேண்டும். 1808இல் பாரிசில் பிரெஞ்சு இயற்பியலாளர் பியோ வார்ப்பிரும்பில் ஒலியின் வேகத்தை அளந்தபோது அவருக்கு 951 மீட்டர் நீளக் குழாய் வரிசை தேவைப்பட்டது. ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் இரும்பு வழியாக வந்த ஒலி முதலிலும், குழாய்க்குள் இருந்த காற்று வழியாக வந்தது 2.5 வினாடி கழித்தும் கேட்டது. 1826இல் ஜெனீவா ஏரியில் சுவிஸ் இயற்பியலாளர் கொலாடன் நீரில் அளந்தபோது படகுகளுக்கு இடையே 13 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. நீருக்கடியில் மணி அடிக்கும் அதே நொடியில் மேலே வெடிமருந்து மின்னும். மின்னலுக்கும் ஒலிக்கும் இடையே 9.4 வினாடி. 8 டிகிரி நீரில் அவருக்குக் கிடைத்த வேகம் 1,435 மீட்டர். இன்றைய மதிப்புக்கும் அதற்கும் நான்கு மீட்டர்தான் வித்தியாசம்.

நம்மிடம் 13 கிலோமீட்டர் இல்லை, ஒரு மேசைதான் இருக்கிறது. சாதாரண ஒலிப்பதிவு ஒலியை வினாடிக்கு 48,000 முறை அளந்து குறிக்கும்; ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. ஒரு மீட்டர் காற்றைக் கடக்கும் ஒலி அதில் 140 மாதிரி அளவு தள்ளி வரும். நீரில் அதே தூரம் 32 மாதிரி. எஃகில் வெறும் 9 அல்லது 10. ஒரு மாதிரி பிசகினால் காற்றில் 0.7 சதவீதம், நீரில் 3, எஃகில் 10 சதவீதப் பிழை. ஓட்ட நேரம் பார்க்கிறவருக்குக் கம்பி உதவாது என்பது இதுவரை சரிதான். கம்பியில் நேரத்தை அளக்கவே வேண்டியதில்லை என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

கம்பி

12 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட வழவழப்பான எஃகுக் கம்பி ஒன்று, சிறிய இரும்புச் சுத்தி ஒன்று, ஒலியின் நிறமாலையை, அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைக் காட்டும் செயலி உள்ள கைபேசி ஒன்று. இவ்வளவுதான் தேவை. அலுமினியமும் பித்தளையும் இன்னும் அழகாக ஒலிக்கும். வரிவரியாகப் புடைப்புள்ள கட்டுமானக் கம்பியைத் தவிர்க்கவும். முனைகள் செங்குத்தாக, பிசிறில்லாமல் வெட்டப்பட்டிருக்க வேண்டும்.

கம்பியின் நீளத்தை மில்லிமீட்டர் வரை அளந்து, சரியாக நடுவில் ஒரு கோடு போடுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்தக் கோட்டில் மட்டும் படும்படி பிடித்து, ஒரு முனையில் நீளவாக்கில் ஒரு தட்டு. பக்கவாட்டில் அடித்தால் ‘டங்’ என்று மொத்தமான ஓசை வந்து அடங்கும். முனையில் நேராக அடித்தால் ஊசி போல மெல்லிய, கூர்மையான ஒரு ‘கீ…’ எழுந்து பல வினாடிகள் நிற்கும். விரலை நடுக்கோட்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் நகர்த்திப் பிடித்துத் தட்டிப் பாருங்கள்: அதே ‘கீ’ எழும்போதே செத்துவிடும். நடுப்பகுதியில்தான் கணு, அங்கே கம்பி அசைவதில்லை; அதனால் அங்கே பிடித்த விரல் அதிர்வை விழுங்காது. இந்த ஒரு வித்தியாசத்தைக் காதால் கேட்டவர்களுக்குக் கணு என்றால் என்ன என்று பிறகு விளக்கத் தேவையிருக்காது.

இரு முனையும் விடுபட்ட கம்பியில் அடிப்படை அதிர்வின் அரை அலைநீளம்தான் கம்பியின் நீளம். ஆகவே வேகம் = 2 × நீளம் × அதிர்வெண். ஒரு மீட்டர் எஃகுக் கம்பி சுமார் 2,520 ஹெர்ட்ஸ் காட்டும். வேகம் வினாடிக்கு 5,040 மீட்டர். ஒரு வினாடி நீளப் பதிவில் நிறமாலை ஒரு ஹெர்ட்ஸ் வரை பிரித்துக் காட்டும். அது 2,500இல் ஒரு பங்கு. நீள அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. மொத்தப் பிழை அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். மேசை மேல் செய்கிற வேறு எந்த முறையும் இந்தச் செலவில் இதை நெருங்காது.

தவறு எங்கே வரும்? முதலில் சுத்தி. ரப்பர் தலையுள்ள சுத்தி கம்பியோடு நீண்ட நேரம் ஒட்டி நிற்கும்; அதனால் 2,500 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. அடுத்தது வளைவு அதிர்வுகள். தட்டு சற்றே சாய்ந்தாலும் கம்பி வில் போல வளைந்து அதிரும். 12 மில்லிமீட்டர் கம்பியில் அந்த அதிர்வெண்கள் 54, 149, 291 என்று தொடங்கி மேலே 2,150, 2,620 அருகிலும் வந்து நிற்கும். நமக்கு வேண்டிய 2,520க்கு இருபுறமும் காவலர் போல. எது நம்முடையது என்று தெரிந்துகொள்ள இரண்டு சோதனைகள் உண்டு. நடுவில் பிடித்த கம்பியில் அடுத்த நீளவாக்கு அதிர்வு சரியாக மூன்று மடங்கில், அதாவது 7,560 அருகில் வர வேண்டும். இரண்டு மடங்கு வராது. இன்னொன்று இதைவிட உறுதியானது: அதே நீளத்தில் 8 மில்லிமீட்டர் கம்பியைத் தட்டுங்கள். வளைவு அதிர்வுகள் எல்லாம் இடம் மாறும், நீளவாக்கு அதிர்வு மட்டும் இம்மி நகராது.

விடை கையில் வந்தபின் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. சில அட்டவணைகளில் எஃகுக்கு 5,900, அலுமினியத்துக்கு 6,300க்கு மேல் என்று இருக்கும். நம் கம்பியோ இரண்டுக்கும் ஐயாயிரத்தை ஒட்டியே தரும். அளவில் தப்பில்லை. ஒல்லியான கம்பி நீளவாக்கில் அமுங்கும்போது பக்கவாட்டில் இலேசாகப் புடைத்துக்கொள்ள இடமிருக்கிறது. பெரிய திண்மத்தின் உள்ளே அந்த இடமில்லை, சுற்றியுள்ள பொருள் பிடித்து நிறுத்துகிறது, அதனால் அங்கே பொருள் கூடுதல் விறைப்பாக நடந்துகொள்கிறது. அட்டவணையைப் பார்க்கும்போது அது கம்பிக்கான மதிப்பா, பெருந்திண்மத்துக்கான மதிப்பா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கம்பியைப் பரிந்துரைக்க எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘திண்மம் அடர்த்தியானது, அதனால்தான் ஒலி வேகமாகப் போகிறது’ என்று இன்றும் வகுப்பில் சொல்லித்தரப்படுகிறது. அடர்த்தி வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டுவது விறைப்பு. எஃகின் அடர்த்தி அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. விறைப்பும் ஏறத்தாழ மூன்று மடங்கு. இரண்டும் ஈடுகட்டிக்கொள்வதால் இரு கம்பிகளும் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்கின்றன. பித்தளை எஃகைவிடக் கனமானது, விறைப்போ பாதிதான். அதன் வேகம் 3,450 அருகில்தான். ஒரே நீளத்தில் மூன்று கம்பிகளைத் தட்டிக் காட்டினால் அந்தப் பழைய தவறு காதாலேயே திருந்தும். கம்பியை எடை போட்டால் விறைப்பின் அளவான யங் குணகமும் கிடைக்கும்: 12 மில்லிமீட்டர் எஃகு, ஒரு மீட்டருக்கு 888 கிராம், அடர்த்தி 7,850. அதை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 200 ஜிகாபாஸ்கல்.

காற்று

காற்றில் நான்கு முறைகள் நடைமுறையில் உள்ளன. நான்கும் ஒரே தரமல்ல.

சுவரிலிருந்து வரும் எதிரொலி முறைக்கு 50 மீட்டர் தள்ளி ஒரு பெரிய வெற்றுச் சுவர் வேண்டும். ஒலி போய்த் திரும்ப 0.29 வினாடி. ஒரு கைதட்டலை நிறுத்துக்கடிகாரத்தில் பிடிக்கப் பார்த்தால் விரல் அசையவே 0.2 வினாடி போய்விடும், விடைக்கு மதிப்பில்லை. எதிரொலி கேட்கும் அதே கணத்தில் அடுத்த தட்டல் விழும்படி தாளத்தைச் சரிசெய்து, 50 இடைவெளிகளுக்கு நேரம் எடுங்கள். மொத்தம் 14 வினாடி சொச்சம், பிழை ஒன்றரை சதவீதம். முதல் தட்டலைச் சுழியம் என்று எண்ண வேண்டும். ஒன்று என்று தொடங்கினால் ஓர் இடைவெளி கூடுதலாகக் கணக்கில் ஏறும். கருவியே இல்லாதவர்களுக்கு இது நல்ல முறை.

இரண்டு கைபேசிகள் இருந்தால் இதைவிட நேரடியான வழி இருக்கிறது. ஜெர்மனியின் ஆக்கன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ‘பைபாக்ஸ்’ (phyphox) செயலியில் ஒலியால் இயங்கும் நிறுத்துக்கடிகாரம் உண்டு. கைபேசிகளைச் சரியாக 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். முதல் கைபேசியின் பக்கத்தில் நிற்பவர் தட்டினால் இரண்டும் ஓடத் தொடங்கும். இரண்டாவதன் பக்கத்தில் நிற்பவர் தட்டினால் இரண்டும் நிற்கும். முதலாவது சற்று அதிகமும் இரண்டாவது சற்று குறைவும் காட்டும். அந்த வித்தியாசம்தான் ஒலி 10 மீட்டர் போகும் நேரம். 28 டிகிரியில் 28.7 மில்லி வினாடி வர வேண்டும். இரு கைபேசிகளின் கடிகாரங்களையும் ஒத்திசைக்க வேண்டாம் என்பது இதன் அழகு. அரை மில்லி வினாடி பிசகினாலே 1.7 சதவீதம் போய்விடும் என்பதால் பத்து முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். இருவரும் கைபேசிகளை இணைக்கும் நேர்கோட்டில், இடைவெளிக்கு வெளிப்பக்கம் நின்று தட்ட வேண்டும். கடிகாரத்தைத் தூண்டும் ஒலி அளவை, அதாவது தொடக்க வரம்பை, அறையின் இரைச்சலுக்கு நன்றாக மேலே வைக்காவிட்டால் நாற்காலி நகர்ந்தால்கூடக் கடிகாரம் நின்றுவிடும்.

மூன்றாவது, ஆய்வகங்களில் நெடுங்காலமாக இருக்கும் ஒத்ததிர்வுக் காற்றுத்தம்பம். நீரில் அமிழ்ந்த குழாயின் மேல் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பிடித்துக் குழாயை மெல்ல உயர்த்த வேண்டும். 28 டிகிரியில், 3.5 சென்டிமீட்டர் விட்டக் குழாய் என்றால் முதல் ஒத்ததிர்வு 16 சென்டிமீட்டரிலும் இரண்டாவது 50 சென்டிமீட்டரிலும் கேட்கும். முதல் அளவை மட்டும் நாலால் பெருக்கி அலைநீளம் என்று எழுதுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. குழாயின் வாய்க்கு வெளியிலும் விட்டத்தில் 0.3 பங்கு அளவுக்குக் காற்று சேர்ந்து அதிர்கிறது, அதனால் விடை 6 சதவீதம் குறைந்து வரும். இரண்டு நீளங்களின் வித்தியாசத்தை எடுத்தால் அந்த முனைத் திருத்தம் தானாகக் கழன்றுவிடும்: 34 சென்டிமீட்டர், இரட்டித்தால் அலைநீளம் 68, வேகம் 348. இசைக்கவையை மேசை விளிம்பில் அடிக்காமல் ரப்பர் துண்டில் தட்டுங்கள். கடினமான இடத்தில் அடித்தால் மேல் சுரங்கள் எழுந்து தவறான நீளத்தில் ஒத்ததிர்வு கேட்கும்.

நான்காவது, 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலி உணரி. மின்னணுப் பலகையோடு பழக்கம் இருந்தால் மட்டும் இதை எடுங்கள். எதிரொலி வந்ததை உணரி சில அலைகள் தாமதித்தே கண்டுகொள்ளும், ஓர் அலை 25 மைக்ரோ வினாடி. ஐந்து அலை தாமதமானால் ஒரு மீட்டர் தூரத்தில் 2 சதவீதப் பிழை. எனவே ஒரே தூரத்தை நம்பாமல் 30 முதல் 150 சென்டிமீட்டர் வரை பல தூரங்களில் எடுத்து வரைபடத்தின் சாய்வைப் பாருங்கள். தாமதம் எல்லாவற்றிலும் ஒரே அளவு என்பதால் சாய்வில் நுழையாது.

எந்த முறையானாலும் வெப்பமானி கட்டாயம். டிகிரிக்கு 0.6 மீட்டர் வீதம் வேகம் ஏறும். 30 டிகிரி அறையில் அளந்துவிட்டு 343 வரவில்லையே என்று தேடுவது வீண். அங்கே வர வேண்டியது 349. காற்று நன்றாக ஈரமாக இருந்தால் ஒன்றிரண்டு மீட்டர் இன்னும் கூடும். காற்றழுத்தத்தை மட்டும் பொருட்படுத்த வேண்டாம். அழுத்தம் ஏறினால் அடர்த்தியும் அதே விகிதத்தில் ஏறி ஈடுகட்டிவிடும்.

நீர்

வாளியிலோ மீன்தொட்டியிலோ அளக்கலாம் என்ற திட்டத்தை முதலிலேயே கைவிடுங்கள். காரணங்கள் பல.

வெளியே ஒலிபெருக்கி வைத்தால் ஒலி நீருக்குள் இறங்காது. ஒலிக்கு நீர் காட்டும் தடை காற்றைப் போல 3,500 மடங்குக்கும் மேல். மேற்பரப்பில் விழும் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். ஆகவே ஒலியை நீருக்குள்ளேயே எழுப்ப வேண்டும். இரண்டு திருகுச்சாவிகளை நீருக்கடியில் மோதினால் போதும். கேட்கவும் உள்ளேயே உணரி வேண்டும்: அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ வட்டில் கவசக் கம்பியைப் பற்றவைத்து எபாக்ஸியால் முழுக்க மூடுங்கள். சிலர் வட்டைப் பலூனுக்குள் போட்டு இறக்குகிறார்கள்; உள்ளே மாட்டிய காற்று ஒலியைத் திருப்பியடித்துவிடும். வினிகர் வாடை வரும் சிலிக்கோனும் வேண்டாம், அது செம்பை அரிக்கும்.

இப்படி இரண்டு உணரிகள் செய்து, 2 மீட்டர் இடைவெளியில் நூலால் தொங்கவிட்டு, இரண்டு தடமுள்ள ஒலி இடைமுகத்தில் (கணினியோடு இணைக்கும் ஒலிப்பதிவுக் கருவி) 96,000 மாதிரி வேகத்தில் பதிந்தால் 130 மாதிரி வித்தியாசம் கிடைக்கும். கைபேசியின் ஒலிவாங்கித் துளை ஒரே தடம்தான் என்பதால் அது உதவாது. மடிக்கணினியை மின்கலத்தில் மட்டும் இயக்குங்கள். நீரருகே மின்னிணைப்பு கூடவே கூடாது.

இனி தொட்டியின் அளவு. உலோகத் தொட்டி என்றால் உணரி சுவரைத் தொட்டாலே போதும், உலோகம் வழியாக வந்த ஒலி முந்திக்கொள்ளும். ஆழம் குறைந்தால் வேறு சிக்கல்: நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலை தலைகீழாகத் திரும்பும். உணரி 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் அந்த அலை நேரடி அலைக்கு 6 மைக்ரோ வினாடி பின்னால் வந்து அதை அழித்துவிடும். திரையில் ஒன்றும் தெரியாது. அரை மீட்டர் ஆழத்தில் இருந்தால் 140 மைக்ரோ வினாடி இடைவெளி கிடைக்கும், முதல் எழுச்சியைத் தனியாகப் படிக்கலாம். ஆகக் குறைந்தது ஒரு மீட்டர் ஆழமும் மூன்று மீட்டருக்கு மேல் நீளமும் வேண்டும். நீச்சல்குளம் கைக்கு எட்டினால் ஒழிய இது நடக்காது.

தொட்டி இல்லையே, நீளமான பி.வி.சி. குழாயில் நீர் நிரப்பி அளப்போம் என்ற யோசனை அடுத்து வரும். எல்லாவற்றிலும் மோசமான தேர்வு இதுதான், ஆனால் மிகச் சுவையான தவறும் இதுவே. அழுத்த அலை போகும்போது குழாயின் சுவர் விரிந்து கொடுக்கிறது. நீரின் விறைப்பு போய் குழாயின் தளர்வு ஆட்சிக்கு வருகிறது. 100 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் சுவரும் உள்ள பி.வி.சி. குழாயில் குழாய் விட்டத்தைவிட மிக நீண்ட அலைகளுக்கு வேகம் 300 மீட்டர் அருகில் இறங்கிவிடும். காற்றில் போவதைவிடக் குறைவு! அதே அளவுள்ள, 4 மில்லிமீட்டர் சுவர் கொண்ட எஃகுக் குழாயில்கூட 1,300தான்.

குமிழியும் இதே வேலையைச் செய்யும். குழாயிலிருந்து வேகமாகப் பிடித்த நீரில் நுண்குமிழிகள் கலந்திருக்கும். கன அளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு காற்று இருந்தாலே தாழ்ந்த அதிர்வெண்களில் வேகம் 930க்கு விழும். நூற்றில் ஒரு பங்கு இருந்தால் 120. நீரைப் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைத்த பிறகே அளக்க வேண்டும்.

கல்லூரி ஆய்வகத்தில் மீயொலி குறுக்கீட்டுமானி இருந்தால் கதையே வேறு. கம்பியில் செய்த அதே தந்திரம் இங்கே சில மில்லி லிட்டர் நீரில் நடக்கிறது: 2 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒலியை அனுப்ப, எதிரே உள்ள தட்டைத் திருகால் நகர்த்த, அரை அலைநீளத்துக்கு ஒருமுறை மின்னோட்டம் உச்சம் தொடும். 28 டிகிரியில் உச்சத்துக்கு உச்சம் 0.376 மில்லிமீட்டர். ஒன்றை மட்டும் அளக்காமல் 20 இடைவெளிகளைத் தாண்டி அளந்தால் 7.52 மில்லிமீட்டர், 0.01 மில்லிமீட்டர் திருகில் பிழை 0.2 சதவீதத்துக்குள். திருகை ஒரே திசையில் மட்டும் சுற்றுங்கள். திசை மாற்றினால் மரையின் தளர்ச்சி அளவில் ஏறும். படிகத்தில் குமிழி ஒட்டியிருந்தால் உச்சங்கள் மங்கும். நீரை 20இலிருந்து 30 டிகிரிக்குச் சூடாக்கினால் வேகம் 1,482இலிருந்து 1,509க்கு ஏறுவதையும் இதிலேயே பார்த்துவிடலாம்.

எதை எடுப்பது?

ஒரு வகுப்பு நேரமும் ஒரு கைபேசியும்தான் இருக்கிறதென்றால் கம்பி. இரண்டு கைபேசியும் நீண்ட தாழ்வாரமும் இருந்தால் கம்பியோடு காற்றையும் சேர்க்கலாம்; இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். தேர்வுக்கான செய்முறைப் பயிற்சி என்றால் காற்றுத்தம்பம், இரண்டு நீளங்களோடு. வெப்பநிலையோடு வேகம் மாறுவதைக் காட்ட வேண்டுமென்றால் மீயொலி உணரி. நீரை, குறுக்கீட்டுமானி உள்ளவர்கள் மட்டும் எடுங்கள்.

கண்காட்சியில் மூன்றையும் ஒரே மேசையில் காட்டியே ஆக வேண்டும் என்பவர்கள் கம்பியையும் காற்றையும் பார்வையாளர் முன்னால் அளந்து, நீருக்கு அளவு சொல்லாமல் பி.வி.சி. குழாயை வைத்து ‘இது ஏன் 1,482 தராது?’ என்று கேள்வியாக வைக்கலாம். அப்போது குழாயின் விட்டம், சுவர்த் தடிமன், நீரின் வெப்பநிலை மூன்றையும் அட்டையில் எழுதி வையுங்கள். கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பும் மாணவருக்கு இந்த அளவுகள் இல்லாமல் முடியாது.